"ஒரு லைட்டுக்குப் போய் நிறுத்திட்டான்"

போன மாதம் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து திருச்சிக்குக் கிளம்பிய எங்கள் விமானம், ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோதே பிரேக் போட்டு நின்றது. பெல்ட் வயிற்றை இறுக்க, பக்கத்தில் இருந்த பாட்டியின் முறுக்கு டப்பா உருண்டு எங்கேயோ போனது, அவ்வளவுதான். ஏதோ எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம். அப்புறம் பிரேக் சூடு பார்க்க, டெக்னீஷியன் வர என்று ரெண்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஆரம்பித்துவிட்டார், ஒரு லைட்டுக்குப் போய் நிறுத்திட்டான், இவனெல்லாம் பைலட்டா என்று.

மாமா, ஒரு லைட்டுக்காக நிறுத்தலாம். வேகம் குறைவாக இருக்கும்வரை.

80 அல்லது 100 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 150 அல்லது 185 கிலோமீட்டர் வரை (நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்) சின்னக் கோளாறு என்றாலும் நிறுத்துவார்கள். அதைத் தாண்டிவிட்டால் எஞ்சின் தீ, எஞ்சின் செயலிழப்பு, இது பறக்கவே பறக்காது என்கிற நிலை, இப்படிச் சிலவற்றுக்கு மட்டும்தான். அப்புறம் வி1 என்று ஒரு வேகம், அதைத் தாண்டினால் மீதி ஓடுபாதைக்குள் நிறுத்த முடியும் என்று நம்ப முடியாது. எடை, ஓடுபாதை நீளம், காற்று எல்லாம் பார்த்துக் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அந்த வேகம் வந்ததும் கேப்டன், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரிலிருந்து கையையே எடுத்துவிடுவார், பழக்க தோஷத்தில்கூட இழுத்துவிடக் கூடாது என்று. 145 நாட்டில் ஒரு விநாடிக்கு 75 மீட்டர் ஓடுகிறது, யோசிக்க ரெண்டு விநாடி எடுத்தால் 150 மீட்டர் ஓடுபாதை காலி.

1996இல் ஜப்பானின் ஃபுக்குவோக்காவில், இந்தோனேசிய நிறுவனமான கருடாவின் டிசி-10 விமானம் ஒன்றில் மூன்று எஞ்சினில் ஒன்று போனது. வி1 தாண்டி, மூக்கைத் தூக்கிய பிறகு கேப்டன் நிறுத்தப் பார்த்தார். ஓடுபாதைக்கு வெளியே போய் எரிந்து 3 பேர் இறந்தார்கள். மீதி ரெண்டு எஞ்சினோடு மேலே போயிருக்கலாம்.

சரி, அப்படியானால் வி1க்கு அப்புறம் எப்போதுமே நிறுத்தக் கூடாதா? 2017 மார்ச்சில் மிச்சிகனில் ஒரு எம்டி-83 விமானம், மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை ஏற்றிக்கொண்டு ஓடியது. நிறுத்தி வைத்திருந்தபோது அடித்த பலத்த காற்றில் வாலில் இருக்கும் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) சிக்கிக்கொண்டது யாருக்கும் தெரியாது. வி1 தாண்டி கேப்டன் கைப்பிடியை இழுக்கிறார், மூக்கு எழவே இல்லை. நிறுத்தினார். விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது, உள்ளே இருந்த 116 பேரும் பிழைத்தார்கள்.

எல்லாரும் அந்தக் கேப்டனைப் புகழ்கிறார்கள், புகழட்டும். எனக்கு அவர் பக்கத்தில் இருந்தவரைத்தான் பிடிக்கும். அவர் சோதனை கேப்டன், அதாவது மற்ற விமானிகளைப் பயிற்றுவித்துச் சோதிப்பவர், பொறுப்பும் அவருடையது. இந்த வேகத்தில் நிறுத்துவதா என்று வாய் சொன்னது, ஆனாலும் லீவரைத் திரும்பத் தள்ளக் கை போகவில்லை. விதி அவர் பக்கம்தான் இருந்தது. கைப்பிடி யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் விமானம் என்ன செய்கிறது என்று தெரியும், அதைப் புரிந்துகொண்டு ஒதுங்கினார் பாருங்கள். அந்த விநாடியில் ரெண்டு பேரும் எதிரெதிராக இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பாட்டியின் டப்பா 4 வரிசை தள்ளிக் கிடைத்தது, மூடிகூடத் திறக்கவில்லை. மாமா இன்னும் இழப்பீட்டுக்கு எங்கே எழுதுவது என்று குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.