பம்புசெட் தண்ணீர்

ரமலான் பிறை தெரிந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருவது வாழ்த்து இல்லை, ஒரு ஜப்பான் விஞ்ஞானி. 'நோன்பு வைத்தால் புற்றுநோய் வராது, இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசு' என்று படத்தோடு வருஷம் தவறாமல் வந்துவிடுகிறார். பிறை விஷயத்தில் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. இவர் விஷயத்தில் சண்டையே கிடையாது, எல்லாரும் கட்டைவிரல் போடுகிறார்கள்.

அந்த விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவத்துக்கான நோபல் கிடைத்தது உண்மைதான். அவர் பட்டினி போட்டது ஈஸ்டை. ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அதே ஈஸ்ட். தீனி கிடைக்காதபோது அந்த செல் தன்னிடம் இருக்கிற பழைய, பழுதான பொருள்களை மூட்டை கட்டி அரைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது, எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்பதுதான் அவர் கண்டுபிடிப்பு. நம் உடம்பு செல்லிலும் அது நடக்கிறது. ஆனால் பாபநாசத்தில் ஒருவர் 13 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் அவருக்குப் புற்றுநோய் வராது என்று ஓசுமி எங்கும் நிரூபிக்கவில்லை.

ஒரு ஃபார்வர்டுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். கோபத்துக்குக் காரணம் 2019.

அந்த வருஷ ரமலான் மே மாதம். அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்போது 70 தாண்டிவிட்டது, சுகர் வந்து 15 வருஷம். 'நோன்பு வேண்டாம் பாய்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தா தலையாட்டிவிட்டு வந்து, முதல் நோன்பிலிருந்தே வைக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் சித்தப்பா மகன் வேறு, 'பெரியத்தா, நோன்புதான் சுகருக்கு மருந்து' என்று அதே மாதிரி ஒரு ஃபார்வர்டைப் படித்துக் காட்டியிருக்கிறான். காலையில் போடும் மாத்திரையை விடியுமுன் சாப்பிடும் சஹரில் போட்டுக்கொண்டார். அளவைக் குறைக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ஒன்பதாவது நோன்பன்று சாயங்காலத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு வந்தவர் பள்ளிவாசல் படியில் அப்படியே சரிந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தூக்கி உட்காரவைத்துப் பேசினால் என்னை என் பெரியப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மருந்துக்கடைத் தம்பி ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தான், சுகர் 46. பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்துதான் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வாயில் ஊற்றினார். நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. 'அவனே வேண்டாம்னுதான் சொல்லியிருக்கான், குடிங்க' என்றார். 'அவன்' என்று அவர் சொன்னது டாக்டரை அல்ல.

அத்தா போட்டது கிளிமிபிரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் மாத்திரை அது. மே மாத வெயிலில், வெறும் வயிற்றில், 14 மணி நேர நோன்பில் அது என்ன செய்யும் என்று விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நோன்பு வைக்கலாம் என்று டாக்டர் அனுமதிப்பவர்களுக்குக்கூட இந்த வகை மாத்திரையின் பெரிய அளவை நோன்பு திறந்த பிறகுக்கு மாற்றி, சஹரில் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அந்தக் கணக்கை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது. இதை எத்தனை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொன்னாலும் எங்கள் ஊர்ப் பெருசுகள் நம்புவதாக இல்லை.

சரி, நோன்பால் உடம்புக்கு நன்மையே இல்லையா? இருக்கிறது. சஹர் சாப்பாடு தீர்ந்ததும் ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையில் உடம்பு ஓடும். அது குறையக் குறைய கொழுப்பில் கைவைக்கும். எடை கொஞ்சம் இறங்கும், பெருநாள் கழிந்து சில வாரத்தில் திரும்ப ஏறியும்விடும். பகல் முழுக்க பீடி சிகரெட் கிடையாது, அது சின்ன விஷயமா? (நோன்பு திறக்கிற நேரத் தொழுகையான மஃக்ரிப் முடிந்ததும் பள்ளிவாசல் வாசலைத் தாண்டிப் போய்ப் பற்றவைக்கிற அவசரத்தைப் பார்க்க வேண்டும்.) டீ இல்லாமல் முதல் சில நாள் மண்டையைப் பிளக்கும், பிறகு சரியாகிவிடும்.

கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியானத் தொழுகையான லுஹருக்குப் பிறகு பள்ளிவாசல் பின்பக்கம் போனால் அண்டாவில் பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்துகொண்டிருக்கும். வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை, கிராம்பு, கொத்துக்கறி, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். துடுப்பு போன்ற கரண்டியை இரண்டு பேர் பிடித்துக் கிண்டுவார்கள். அஸர் முடிந்ததும் தூக்குவாளி வரிசை நிற்கும். அதில் பாதி எங்கள் தெரு, மீதி கீழத்தெருவும் குடியானத்தெருவும். 'பிள்ளைக்குக் காய்ச்சல் பாய், கொஞ்சம் கறி இல்லாம ஊத்துங்க' என்று கேட்கிற அக்காவுக்குத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்குத் தண்ணீரும் உப்பும் சூடும் குழைந்த சோறும் ஒரே கிண்ணத்தில். இதைவிட இதமாக ஒரு வயிற்றை எழுப்ப முடியாது.

ஆனால் கஞ்சியோடு நிற்கிறோமா? உளுந்து வடை, பருப்பு வடை, சமோசா, கடல்பாசி, ரோஸ்மில்க். ராத்திரித் தொழுகையான தராவீஹ் முடிந்து வந்தால் பரோட்டா. வயிற்றில் மூன்றில் ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் சொன்னதைப் பயானில் கேட்டுவிட்டு வந்து, மூச்சுக்கு உரிய பங்கிலும் சமோசாவைத் திணிக்கிறோம். நானும்தான். அதனால்தான் 'ஆரோக்கியத்துக்காக நோன்பு' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

குர்ஆனில் நோன்பை விதிக்கிற வசனம், உங்களுக்கு முன்னிருந்தவர்கள் மீது விதிக்கப்பட்டதைப் போலவே உங்கள் மீதும் விதிக்கப்பட்டிருக்கிறது, இறையச்சம் உடையவர்கள் ஆவதற்காக என்கிறது. அங்கே கொழுப்பு, கல்லீரல் பேச்சே இல்லை. 'முன்னிருந்தவர்கள்' என்ற சொல் எங்கள் பக்கத்தில் எளிதாகப் புரியும். ஒரு வீட்டில் கிருத்திகை விரதம், அடுத்த வீட்டில் ஏகாதசி, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தவக்காலம். இவர்களில் யாரும் எடை குறைக்கப் பட்டினி கிடக்கவில்லை.

நான் முதல் நோன்பு வைத்தது 1986-ல். அதுவும் மே மாதம்தான். பிறைக் கணக்கான ஹிஜ்ரி வருஷம் ஆங்கில வருஷத்தைவிடப் பத்து பதினொரு நாள் குறைவு என்பதால் ரமலான் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வர 33 வருஷம் ஆகும். எனக்கு அப்போது 10 வயது. பள்ளிக்கூடம் லீவு, மேட்டூர் திறக்க ஒரு மாதம் கிடந்தது, ஆறு வெறும் மணல். கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டில் குளிக்கப் போனோம். தொட்டிக்குள் முங்கினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தேன். மறந்துபோய்க் குடித்தால் நோன்பு முறியாது, அது அல்லாஹ் கொடுத்தது என்று மதரஸாவில் படித்திருந்தேன். நான் மறக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பம்புசெட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மஃக்ரிபுக்கு எனக்குத்தான் முதல் பேரீச்சம்பழம். அத்தா ஊரெல்லாம் சொன்னார், 'மவன் முழு நோன்பு' என்று. தொண்டையில் அந்தப் பழம் இறங்கவே இல்லை.

நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன் என்று இறைவன் சொல்வதாக ஒரு நபிமொழி உண்டு. தொழுகையை நாலு பேர் பார்க்கலாம், ஜகாத்தை வாங்கியவன் அறிவான், ஹஜ்ஜுக்கு ஊரே வழியனுப்ப வரும். நோன்பை மட்டும் எவனாலும் சரிபார்க்க முடியாது. பசித்த வயிறு அல்ல, தொட்டிக்குள் முங்கிய அந்த நிமிஷம்தான் எனக்கு நோன்பு என்றால் என்ன என்று காட்டியது. பொய்யையும் பொய்யான நடத்தையையும் விடாதவன் சாப்பாட்டை விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்ற நபிமொழியைக் கேட்கும்போதெல்லாம் பம்புசெட் சத்தம்தான் காதில் விழுகிறது.

அடுத்த வருஷத்திலிருந்து அத்தா நோன்பு வைக்கவில்லை. நோன்பை விதிக்கிற அந்த வசனத்துக்கு அடுத்த வசனமே நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை சொல்கிறது. வைக்கவே முடியாதவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கட்டும் என்கிறது, அதுதான் ஃபித்யா. உங்களுக்கு இலகுவைத்தான் விரும்புகிறான், சிரமத்தை அல்ல என்றும் அதற்கடுத்த வசனத்தில் வருகிறது. ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். அத்தா கேட்டுக்கொண்டார். ஆனால் பகலில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று இட்லி சாப்பிட்டார். தெருவில் யாராவது 'நோன்பா?' என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரிப்பார். குடிக்கக் கூடாத நான் குடித்துவிட்டு நோன்பாளியாக நடித்தேன்; குடிக்க வேண்டிய அவர், இறைவனே கொடுத்த அனுமதியைத் திருட்டுப் பொருள் போல மறைத்தார். இந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது மார்க்கம் இல்லை. நம் ஊர்தான், நம் 'நோன்பா?' கேள்விதான்.

இப்போது நான் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.

போன ரமலானில் ஒரு நாள் மத்தியானம் அவருக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அடுப்படியில் ஆளைக் காணோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சுகர் பார்க்கும் மெஷின். ஃபித்யாவுக்கு அரிசி வாங்க வந்த கீழத்தெரு ஆளிடம் மூட்டையைக் காட்டி ஏதோ கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார். நான் டம்ளரோடு நிலைப்படியிலேயே நின்றேன். 'என்னடா நிக்கிற, ஆறிடும், கொண்டா' என்றார்.