பட்டியலில் மதம் இருக்கிறது

"எஸ்.சி. பட்டியல் சாதியைத்தான் பார்க்கிறது, மதத்தைப் பார்ப்பதில்லை" என்று சிலர் சொல்வது தவறு. எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் (எஸ்.சி.) என்று சொல்லும் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்தியே மதத்தைத்தான் பார்க்கிறது. முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு திறக்கவில்லை. (பழங்குடியினருக்கான எஸ்.டி. பட்டியலுக்கு இந்தத் தடையே கிடையாது!)

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தொழில் செய்த கிறித்தவ ஆதிதிராவிடர் ஒருவருக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதியால் வரும் பாதிப்பு அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-இல் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்படி மதம் மாறிய கிறித்தவர்கள் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் வருகிறார்கள். ஆனால் எஸ்.சி.க்கு ஒதுக்கிய தனித்தொகுதியில் நிற்க முடியாது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. சாதி பார்த்து ஒதுக்கும் தனிக் கல்லறை, தனித் தெரு மட்டும் அப்படியே இருக்கிறது.