பெரியம்மாவுக்கு வேலை இருக்கிறதா?

எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். காலை ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் முக்கில் நின்றால், திருப்பூர் பனியன் கம்பெனி வேன்கள் வந்து ஆளெடுத்துப் போவதைப் பார்க்கலாம். பாதித் தலை காயாமல் ஓடி வருகிற பெண்கள், ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் செல்போன். ஏழரைக்கு மேல் ஊர் ஆடுகளுக்கும் வயசானவர்களுக்கும் சொந்தம்.

இந்த வேனில் ஏறுகிறவர் கிராமத்துத் தொழிலாளியா, நகரத்துத் தொழிலாளியா? யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று மத்திய அரசு எடுக்கும் பி.எல்.எஃப்.எஸ். கணக்கில் கிராமம்தான். செக்கிங் மேசை திருப்பூரில் இருந்தாலும் ராத்திரி படுக்கும் வீடு எங்கள் ஊரில் இருக்கிறதே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிராம, நகர வேலையின்மை இனி எப்படிப் போகும் என்று கணித்துச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2017-18இல் கிராமத்தில் 5.3 சதவீதம், நகரத்தில் 7.7. 2023-24இல் கிராமத்தில் 2.5, நகரத்தில் 5.1. இரண்டு புள்ளிக்கும் ஸ்கேல் வைத்து நீட்டினால் கணிப்பு தயார்: கிராமம் எப்போதும் தேவலாம், நகரம்தான் தடுமாறும். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை.

காரணம் என் பெரியம்மா. முன்பு கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் போனதும் நின்றுவிட்டார். ஒருமுறை கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான். வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டதற்கு, "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, சும்மாதா இருக்கறேன்" என்றார். அவன் விடவில்லை. ஆடு இருக்கிறதா? "ரெண்டு குட்டி கெடக்குது, அத வேற ஆரு பாக்கறது?" மகன் சரக்கெடுக்கப் போனால் பெட்டிக்கடையில் யார் உட்காருவது? அதுவும் அவர்தான். அவ்வளவுதான், அவருக்கு வேலை கிடைத்துவிட்டது! கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே ஒரு கணக்கில் வேலையில் இருப்பவர். இன்னொரு கணக்கில், வருடத்தில் 30 நாள் துணை வேலையாகச் செய்திருந்தாலே போதும்.

அந்தப் பையன் மேல் தப்பில்லை. ஆடு மேய்ப்பதும் கடை பார்ப்பதும் வேலை இல்லை என்று இத்தனை காலம் தள்ளிவைத்ததுதான் தப்பு. ஆனால் சம்பளமே இல்லாத அந்த வேலையையும் மாதச் சம்பள வேலையையும் ஒரே தட்டில் போட்டு, கிராமத்தில் வேலையின்மை குறைந்துவிட்டது என்று கொண்டாடினால் என்ன செய்வது? கிராமத்துப் பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18இல் 100க்கு 24.6 பேர், 2023-24இல் 47.6 பேர். ஆறு வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதில் பெரும்பகுதி சுயதொழில் கணக்கில்தான் வருகிறது; சம்பளமில்லாமல் வீட்டுத் தொழிலுக்கு ஒத்தாசை செய்பவர்களும் அந்தக் கணக்கில்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. 2025 மே மாதம் முதன்முறையாக மாதாந்திரக் கணக்கு வெளியானது. ஏப்ரலில் கிராம வேலையின்மை 4.5 சதவீதம். உடனே 2.5 என்பது 4.5 ஆகிவிட்டது, ஏறக்குறைய இரு மடங்கு என்று சிலர் கிளம்பினார்கள். முன்னது ஒரு வருடத்தைப் பார்த்துச் சொன்னது, பின்னது ஒரு வாரத்தைப் பார்த்துச் சொன்னது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக் கணிப்பது, முழத்தால் அளந்ததையும் மீட்டரால் அளந்ததையும் கூட்டுகிற மாதிரி.

சரி, நகரத்தில் அடி விழுந்தால் கிராமத்தில் என்ன நடக்கும்? கொரோனா ஊரடங்கில் பார்த்தோமே. 2020 ஏப்ரல்–ஜூனில் நகர வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது. ஊர் திரும்பியவர்கள் அப்பன் காட்டில் களை எடுத்தார்கள். நாடு முழுக்க வேலை செய்பவர்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் 2018-19இல் 42.5 சதவீதம், 2020-21இல் 46.5. விவசாயம் அப்படி என்ன செழித்துவிட்டது? மூன்று பேர் செய்த வேலையை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். நகரத்தின் காயத்தைக் கிராமம் வேட்டியால் மூடிவிடுகிறது, அட்டவணையில் ரத்தம் தெரிவதில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எனக்கு முதலில் தோன்றியது எங்கள் முக்குதான். ஆர்டர் நின்று வேன் வரவில்லை என்றால் அந்தப் பெண்கள் வேலையில்லாதவர் பட்டியலுக்கு அப்படியே போய்விட மாட்டார்கள். பாதிப் பேர் ஆட்டுக்குப் பின்னால் போவார்கள்.

நகரத்தில் வேலை பெருகினால் அதைத் தேடி அதைவிட அதிகம் பேர் கிளம்பி வந்து, நகர வேலையின்மையே கூடலாம் என்று 1970இல் ஹாரிஸ், டொடாரோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். அருமையான யோசனை. ஆனால் அவர்கள் கணக்கில் கம்பெனி வேன் இல்லை. இங்கே ஆள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, விடிந்தால் போய் இருட்டினால் வந்துவிடலாம்.

எது கிராமம் என்ற பட்டியலே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள் என்பது அன்றைய கதை. அடுத்த கணக்கு 2027இல். கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் போட்ட கோடு நகர்ந்தால் பெரியம்மாவும் ஆடும் அதே இடத்தில் இருக்க, அவர் மட்டும் நகரவாசி ஆகிவிடுவார். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் மக்கள் கொதித்தது சும்மா இல்லை. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கணிப்பு மாதிரியையும் விடத் துல்லியமாக!

கணிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம், கையில் எவ்வளவு காசு, எத்தனை கிலோமீட்டர் போய்வருகிறார் என்று கணியுங்கள். மாவட்ட வாரியாகச் சொல்லுங்கள். திருப்பூருக்கும் ராமநாதபுரத்துக்கும் சேர்த்து ஒரே "கிராமம்" போட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பல்லடம், தாராபுரம், பெருந்துறைப் பக்கம் இருப்பவர்கள் கமென்டில் சொல்லுங்கள். உங்கள் ஊர் முக்கில் காலையில் இப்போது எத்தனை வேன் நிற்கிறது? இரண்டு வருடத்துக்கு முன்னால் எத்தனை?