மறுபடியும் வில் பிடிப்பதிலிருந்து

எங்கள் இசை மையத்தில் வயலின் ஆசிரியர் மறுபடியும் மாறிவிட்டார். பத்து மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். முதலில் இருந்தவர் வில் பிடிக்கும்போது கட்டைவிரல் வளைந்திருக்க வேண்டும், சுண்டுவிரல் நுனி வில்லின் மேல் உட்கார வேண்டும் என்றார். அது கைக்குப் பழகவே நான்கு மாதம் ஆனது. இரண்டாமவர் வந்ததும், "யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டுப் பிடியையே மாற்றினார். சரி, மாற்றிக்கொண்டேன். இப்போது வந்தவருக்கு என் சுருதியே ஆகவில்லை. 440 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 440 அதிர்வில், இருந்த ஏ (A) தந்தியை 442க்கு ஏற்றச் சொல்கிறார். இரண்டு ஹெர்ட்ஸ்! என் விரல் விழுகிற இடமே அதைவிடப் பல மடங்கு தள்ளித்தான் விழுகிறது.

அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. மணிக்கணக்குச் சம்பளம், மூன்று இடத்தில் வகுப்பு, நடுவே ஓட்டம். நல்ல வேலை கிடைத்தால் போகத்தான் செய்வார்கள். ஆனால் போகிறவர் வருகிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைக்கக் கூடாதா? இன்ன மாணவர், இன்ன பாடம், இதுவரை நடந்தது என்று நாலு வரி. அதுகூட இல்லாததால் முதல் வகுப்பில் ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: "வில் பிடிக்கத் தெரியுமா?"

இரண்டு விதமாகத் தெரியும் சார், உங்களுக்கு எது வேண்டும்?