"நீ சும்மாதானே இருக்க"

போன மாதம் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் அட்டவணை போட்டார்கள். எட்டுப் பேர் உள்ள டீம். நான்கு ஞாயிறுகளில் மூன்றில் என் பெயர். அட்டவணை போட்டவரிடம் போய்க் கேட்டேன். "மத்தவங்களுக்கெல்லாம் வீட்ல ஆள் இருக்காங்கல்ல, நீங்க சும்மாதானே இருப்பீங்க" என்றார். சொன்னவர் கெட்டவர் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லாதபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் மனதில் அது ஓரவஞ்சனையே இல்லை, வெறும் கணக்கு. குழந்தை உள்ளவரின் ஞாயிறுக்கு ஒரு மதிப்பு, என் ஞாயிறு காலி இடம். காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் சாமானை இறக்கி வைக்கலாம், இல்லையா?

இந்த வாக்கியத்தை நான் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நகரத்தில் தனியாக வீடு எடுத்து வசிக்கிற எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஆபீஸில் மட்டுமில்லை. என் சொந்த அக்கா, என் மேல் உயிரையே வைத்திருக்கிறவள், போனை எடுத்ததும் சொல்லும் முதல் வரி "என்னடி, சும்மாதான இருக்க?" என்பதுதான். அவளுக்கு அது நலம் விசாரிப்பு. எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

தனியாக வசிப்பவருக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டபுள் காட் பெட்ஷீட் ஒன்றைத் துவைத்துக் காயவைத்துத் தனியாக மடித்துப் பாருங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு முனை, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு ஆள் என்றால் கைகளை முழுசாக விரித்தாலும் துணியின் அகலம் எட்டாது. நடு மடிப்பை மோவாயால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே தரையில் புரளாமல் ஒரு காலைத் தூக்கி அணை கொடுத்து, கடைசியில் கட்டிலின் மேல் பரப்பி நான்கு பக்கமும் சுற்றி வந்து மடிக்க வேண்டும். ஒரு ஆள் வீடு முழுக்க இந்த பெட்ஷீட்தான். சமையல் ஒரு ஆளுக்கு என்பதால் பாதி நேரத்தில் முடிந்துவிடாது. அடுப்பு அதே அடுப்பு, கழுவும் தொட்டி அதே தொட்டி. குழாய் ஒழுகினால் ஆள் வருகிற நேரத்துக்கு வீட்டில் நான் இருந்தாக வேண்டும், அதற்கு நான்தான் லீவு போட வேண்டும். வாடகை, வங்கி, கரண்ட் பில், மாடி ஏறி டாங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, ராத்திரி கதவைச் சாத்தினோமா என்று இரண்டாவது முறை எழுந்து போய்ப் பார்ப்பது, எல்லாமே ஒரே ஆள் தலையில். "இன்னிக்கு நீ பாத்துக்கோ" என்று சொல்ல எதிரில் ஒரு முகம் கிடையாது.

இதெல்லாம் முடிந்து மிஞ்சுகிறதே ஒரு பொழுது, அதைத்தான் 'சும்மா' என்கிறோம்.

1817-லேயே பிரிட்டனின் ஆலை முதலாளியும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் ஒரு நாளை மூன்றாக வகுத்துக் கேட்டார்: 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் பொழுதுபோக்கு, 8 மணி நேரம் ஓய்வு. 1856 ஏப்ரலில் மெல்போர்ன் கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் போய் எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். 1948-இல் ஐ.நா. வெளியிட்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வும் ஒழிந்த நேரமும் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. 'ஒவ்வொருவருக்கும்' என்றுதான் இருக்கிறது. கல்யாணம் ஆனவருக்கு என்றோ, குழந்தை பெற்றவருக்கு என்றோ இல்லை. அந்த ஓய்வில் நான் என்ன செய்கிறேன், யாரோடு இருக்கிறேன் என்று கணக்குக் காட்டினால்தான் கிடைக்கும் என்றும் இல்லை.

குழந்தை வளர்ப்பவர்களோடு எனக்குப் போட்டி இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு நடந்துவிட்டுக் காலையில் ஆபீஸ் வருகிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்களுக்கு அவசரம் என்றால் என் ஞாயிறைக் கொடுப்பேன், கொடுத்தும் இருக்கிறேன். கேட்டு வாங்கினால் அது உதவி. எனக்கு எதுவுமே இல்லை என்று முடிவுகட்டி எடுத்துக்கொள்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. தனியாக இருப்பவர்கள் தங்கள் நேரத்தைத் தங்களுக்கே செலவழித்துக்கொள்கிறவர்கள் என்ற நினைப்பும் தப்பு. அமெரிக்காவில் நடாலியா சர்கிசியன், நவோமி கெர்ஸ்டல் என்ற இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மணமானவர்களைவிடத் தனியாக இருப்பவர்களே பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், அக்கம்பக்கத்தார், நண்பர்கள் ஆகியோரோடு அதிகம் தொடர்பில் இருக்கிறார்கள், அதிகம் உதவுகிறார்கள் என்று கண்டார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

ஆனால் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது ஆபீஸ் இல்லை. அந்த அட்டவணையைப் பார்த்துக் கோபத்தோடு வீட்டுக்கு வந்த இரவு எனக்கு உறைத்த விஷயம் வேறு. மற்றவர்கள் என் பொழுதை மதிக்கவில்லை, சரி. நான் மதித்தேனா?

சில வருடங்களுக்கு முன்பு என் சனிக்கிழமை இப்படித்தான் இருந்தது. காலையில் கண் விழித்ததும் போன். படுத்தபடியே விரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைச் சுவரிலிருந்து தரைக்கு இறக்கிவிடும், நான் எழுந்திருக்க மாட்டேன். மத்தியானம் ஒரு சீரிஸ். ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும், நிறுத்தக் கைநீட்டும் முன் கதை தொடங்கியிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு நிமிர்ந்தால் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது தெரியும். தொண்டையைச் செருமினால் குரல் வேறு யாருடையதோ மாதிரி வரும். அன்றைக்கு என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லவும் தெரியாது.

விரல் தள்ளத் தள்ள முடிவில்லாமல் ஓடும் அந்தத் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருத்தப்பட்டவர். புத்தகத்தில் பக்கம் முடிகிறது, பாட்டு முடிகிறது, சினிமா முடிந்து விளக்கு எரிகிறது. முடிகிற இடத்தில்தான் 'போதுமா?' என்று மனம் கேட்கும். அந்த இடத்தையே எடுத்துவிட்டால் கேள்வி எழாது. கூட ஒரு ஆள் இருக்கும் வீட்டில் "போதும், வை" என்று யாராவது சொல்வார்கள். தனியாக இருப்பவருக்கு அதைச் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை. அதனால் நம்மிடமிருந்து அது எடுத்துக்கொள்ளும் நேரம் ரொம்ப அதிகம்.

சலனப்படத்தின் கதையை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். 1894-இல் எடிசனின் கினெட்டோஸ்கோப் நியூயார்க்கில் காசுக்குக் காட்டப்பட்டது. அது ஒரு மரப்பெட்டி. ஒரே ஒருவர் குனிந்து, மேலே உள்ள துளையில் கண்ணை வைத்து, அரை நிமிடம்கூட ஓடாத படத்தைப் பார்க்கலாம். பின்னால் இருப்பவர் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த வருடமே, 1895 டிசம்பர் 28 அன்று, பாரிஸில் லூமியர் சகோதரர்கள் ஒரு கஃபேயின் கீழ்த்தளத்தில் திரையில் படம் காட்டினார்கள். முப்பது சொச்சம் பேர் ஒரே இருட்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒன்றையே பார்த்தார்கள். உலகம் தேர்ந்தெடுத்தது பாரிஸ் வழியைத்தான். நூறு வருடத்துக்கு மேல் கழித்து நாம் திரும்ப அந்தத் துளைக்கே குனிந்துவிட்டோம்.

1979-இல் வந்த சோனியின் முதல் வாக்மேனில் ஹெட்ஃபோன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. பாட்டை நிறுத்தாமலே பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு ஆரஞ்சுப் பட்டனும் இருந்தது. ஒருவர் மட்டும் தனியாகக் காதை மூடிக்கொண்டு கேட்பது கூட இருப்பவருக்கு மரியாதைக்குறைவு என்று நிறுவனத்தின் அகியோ மொரிட்டா நினைத்ததுதான் காரணம். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளத்தான் மக்கள் ஆசைப்படுகிறார்கள் என்று பிறகு தெரிந்துபோய், பின்னால் வந்த மாடல்களில் இரண்டாவது துளை காணாமல் போனது. எனக்கு அந்த ஆரஞ்சுப் பட்டன் மேல் ஒரு பிரியம் உண்டு. தனியாக ரசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் குரலுக்கு ஒரு வழி விட்டு வைக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

நான் முதலில் மாற்றியது சினிமாவை. தியேட்டருக்குத் தனியாகப் போக ஆரம்பித்தேன். "ஒரு டிக்கெட்" என்று சொல்லும்போது முதல் தடவை குரல் உள்ளே போயிற்று. கவுன்டரில் இருந்தவர் "ஒண்ணா?" என்று கேட்டார். அவர் எண்ணிக்கையைத்தான் கேட்டார், எனக்குத்தான் விசாரணை மாதிரி இருந்தது. விளக்கு அணைந்த பிறகு யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சியில் பக்கத்து சீட்டுக்காரரும் நானும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தோம். பேர் தெரியாது, முகம் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டில் அதே படத்தை லேப்டாப்பில் பார்த்திருந்தால் அந்த மூச்சு என்னோடு நின்றிருக்கும்.

அப்புறம் நீச்சல். முப்பத்தாறு வயதில் சேர்ந்தேன், வியாழக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு காலையும். போன் லாக்கரில் போய்விடும், நாற்பத்தைந்து நிமிடம் அது இல்லாத உலகம். முதல் மூன்று வாரம் ஓரக் கம்பியை விடவே இல்லை. சொல்லிக்கொடுத்தவர் என் தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "கழுத்தைத் தளர்த்துங்க, நீங்க பிடிச்சா தண்ணி விடும், நீங்க விட்டா தண்ணி பிடிக்கும்" என்றார். ஒரு வியாழன், காது தண்ணீருக்குள் போனதும் வெளிச்சத்தமெல்லாம் அறுந்து, என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. உள்ளங்கை எப்போது விலகியது என்று தெரியவில்லை. மிதந்துகொண்டிருந்தேன். மேலே கூரை விளக்கில் தண்ணீரின் நிழல் அலைந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு யாரும் தேவைப்படவில்லை, யாரும் இல்லை என்ற எண்ணமும் வரவில்லை.

தனியாக வசிப்பதும் தனிமையில் வாடுவதும் ஒன்றில்லை என்று சொல்வோம். உண்மைதான். ஆனால் வாட்டமே கிடையாது என்று சொன்னால் பொய். பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் தனிமைத் துயரைக் கவனிக்கவே அமைச்சர்களை நியமித்தன. அந்த அளவுக்கு அது உண்மை. காய்ச்சல் ராத்திரியில் தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்போது எனக்கும் அது தெரியும். அப்படி ஒரு காய்ச்சலில் இரண்டு வாரம் நீச்சலுக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று, பக்கத்து லேனில் சத்தமாக எண்ணிக்கொண்டே நீந்தும் ஒரு பெரியவர், அதுவரை தலையசைப்பைத் தவிர என்னோடு ஒரு பேச்சும் வைத்துக்கொள்ளாதவர், பதினான்கில் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, "என்னம்மா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்?" என்று கேட்டார். நான் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் இல்லாததை ஒருவர் கவனித்திருக்கிறார். இரண்டு வாரம் போனைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் திரை என்னை அப்படிக் கேட்டிருக்காது.

இன்றைக்கும் சீரிஸ் பார்க்கிறேன், ரீல்ஸ் பார்த்துச் சிரிக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. என் டைரியில் மட்டும் வியாழனையும் ஞாயிறையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எழுதுவது மாதிரி. அட்டவணை விஷயமாகத் திரும்பப் போய், "ஒரு ஞாயிறு நான் வர்றேன், மீதியை எல்லாருக்கும் பிரிச்சுப் போடுங்க. எனக்கு அன்னிக்கு வேலை இருக்கு" என்றேன். என்ன வேலை என்று கேட்டார். நீச்சல் என்றேன். சில நொடி பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து இரண்டு ஞாயிறுகளில் என் பெயரை அடித்தார்.

அக்காவிடமும் சொன்னேன். அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்படிக் கேக்காதக்கா, வலிக்குது" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் அப்படி நெனச்சுக் கேக்கலடி" என்றாள். தெரியும் என்றேன்.

நேற்று வியாழக்கிழமை. நான்கு மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ்: "இன்னிக்கு நீச்சல் இருக்குல்ல? முடிச்சுட்டு வந்து தலையத் தொவட்டிட்டு மெதுவா கூப்பிடு. நான் முழிச்சிருப்பேன்."