இசை ஆசிரியர்கள் மேடையில் தோற்றவர்களா?

‘மேடையில் வெல்ல முடியாதவர்களே இசை ஆசிரியர் வேலைக்கு வருகிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது.

புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான விவால்டி 1703 முதல் வெனிஸ் நகரின் பியேட்டா இல்லத்தில் ஆதரவற்ற சிறுமிகளுக்கு வயலின் கற்பித்தார். அவர்கள் வாசிப்பதற்காகவே பல கான்செர்ட்டோக்களை (தனிக் கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசைப்படைப்புகளை) எழுதினார். ஜெர்மானிய இசைமேதை பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக் நகரின் தாமஸ் பள்ளியில் மாணவர்களைப் பாடப் பழக்கினார். போலந்தில் பிறந்த பியானோ மேதை ஷோபான் பாரிஸில் பெரிதும் பியானோ வகுப்புகளை நம்பியே வாழ்ந்தார்.

வகுப்பிலும் வித்தை குறைவாகத் தேவைப்படுவதில்லை. வயலின் வில்லைப் பிடித்த மாணவரின் கட்டைவிரல் விறைத்திருப்பதாலேயே நாதம் கரகரக்கிறது என்பதை நொடியில் கண்டுகொண்டு, அதே வரியை வாசித்துக்காட்டித் திருத்துவதற்கு, ஆசிரியரின் கையும் காதும் அன்றாடச் சாதகத்தில் இருந்தாக வேண்டும்.