டிப்பர் யாருடையது?

‘சட்டவிரோதமாக மணல் ஏற்றிச் சென்ற டிப்பர் கைப்பற்றப்பட்டது, சாரதி கைது.’ கிளிநொச்சி, முல்லைத்தீவுச் செய்திகளை வாசிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். சாரதியின் வயது வரும், ஊர் வரும். டிப்பர் யாருடையது, மணல் எங்கே இறங்கவிருந்தது என்பது மட்டும் வராது.

செய்தியாளரை நோவதில் பயனில்லை. பிராந்தியச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. எழுதிவிட்டு அதே வீதியால்தான் வீட்டுக்கும் போக வேண்டும். 2020 ஒக்ரோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் மரக்கடத்தல் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன இரண்டு ஊடகவியலாளர்கள் கடத்தல்காரர்களிடம் அடிவாங்கியதை மறந்துவிட்டோமா?

வளம் கொழிக்கும் நாடுகளில் பத்திரிகையின் குரல்வளை ஏன் நெரிபடுகிறது என்பதற்கு எகோரோவ், குரியேவ், சோனின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009இல் ஒரு விளக்கம் தந்தார்கள். வளமில்லாத சர்வாதிகாரிக்கு அதிகாரிகள் ஒழுங்காக வேலை செய்தால்தான் வருமானம். அவர்களுடைய தில்லுமுல்லு தெரியவர, பத்திரிகையை ஓரளவாவது விட்டுவைப்பார். எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவருக்கு அந்தத் தேவை இல்லை. அசர்பைஜானில் ஆட்சிக் குடும்பத்தின் தங்கச் சுரங்கத் தொடர்பைக் கிளறிய கதீஜா இஸ்மாயிலோவாவுக்கு 2015இல் ஏழரை ஆண்டுச் சிறைத் தண்டனை; காட்டிய காரணம் வரி ஏய்ப்பும் பணக் கையாடலும்! (2016இல் விடுதலையானார்.)

‘நோர்வேயிலும் எண்ணெய் இருக்கிறதே’ என்பீர்கள். அங்கே பெரிய எண்ணெய் வயல் அகப்பட்டது 1969இல். பத்திரிகைச் சுதந்திரம் 1814ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே ஏறிவிட்டது.

அந்த ஆய்வில் எனக்கு ஒரு குறை உண்டு. அது நாட்டை நாடாகப் பார்க்கிறது. இலங்கையில் எண்ணெய் பாயவில்லைதான். ஆனால் வன்னியில் ஆற்றுமணலும் கிரவலும் முதிரை மரமும் போதும். இங்கே வாயடைக்க அரசுதான் வர வேண்டும் என்றில்லை. டிப்பர் முதலாளி, பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பவர், திருவிழா உபயகாரர் மூவரும் சில ஊர்களில் ஒரே ஆள். அவர் பெயரை அச்சில் ஏற்ற யாருக்குத் துணிவு வரும்?

மணல் அள்ளும் அனுமதிப்பத்திரம் யார் பெயரில், எந்த இடத்துக்கு, எத்தனை கியூப்புக்கு? 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பிரஜைகளாக இருந்தால் ஓர் அமைப்பும் விண்ணப்பிக்கலாம். கமக்காரர் அமைப்பின் பெயரில் கேளுங்கள். தனி ஒருவரின் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.